எறும்பை எடுத்த சுவர்

இன்று காலையில் உன் மகள் கையைப் பொத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என்னட்டி என்று கேட்டேன். விரித்துக் காட்டினாள். உள்ளங்கை நிறைய செத்த எறும்பு.

"செவருக்கு அடியில கெடந்துது அத்தே. இதெல்லாம் யாருக்க பாலைக் குடிச்சுது?"

அரிந்துகொண்டிருந்த காயை அப்படியே வைத்துவிட்டேன். அந்தக் கதையை நீ அவளுக்குச் சொல்லியிருக்கிறாய். சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியும். ஆனால் கதையில் எறும்பு எடுத்த ஆள் யார் என்று சொன்னாயோ, அதுதான் தெரியவில்லை.

நேற்று மருந்தடிக்கிறவர்கள் வந்துபோனார்கள். வீடு முழுக்க அந்த மணம் நிற்கிறது. ஈரச் சுண்ணாம்பும் பழைய மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம். உனக்கு மறந்திருக்காது. சுவரில் வெள்ளை வெள்ளையாக ஒழுகிக் காய்ந்து கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகிற எறும்பு எதுவும் வீடு போய்ச் சேராது.

நீ போய் மூன்று மாசம் கழிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. நீ இருந்தபோது எனக்கு வேண்டிய கடிதத்தையெல்லாம் நீதான் எழுதித் தருவாய். "மைனி எழுதினா கோழி கிண்டின முற்றம் மாதிரி இருக்கும்" என்று சொல்லுவாய். இந்தக் கடிதத்தை மட்டும் நானே எழுதியாக வேண்டும். ஒரே அடுக்களையில் இத்தனை வருசம் ஒன்றாகப் புகை குடித்தோம். அப்போது சொல்லாததை இப்போது கோழி கிண்டியாவது சொல்லுகிறேன்.

ஆறு வருசத்துக்கு முன்னால் முதல் தடவை மருந்தடிக்க வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். இவள் பிறந்து அன்றைக்கு இருபதோ இருபத்தொன்றோ நாள். உன் புருசன், என் தம்பி, வள்ளத்தில் தேங்காய்க் கதம்பல் ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே வடக்கே போயிருந்தான். திரும்பி வர இருபது நாளுக்குமேல் ஆகும் என்று சொல்லியிருந்தான். வீட்டில் நீ, நான், பிள்ளை, ஒரு வெள்ளாடு. அவ்வளவுதான்.

காக்கி நிக்கர் போட்டவர்கள், தோளில் பம்பு. கூட வந்த மேஸ்திரி முற்றத்தில் நின்று கூப்பாடு போட்டான். "பானை, சட்டி, தொட்டில், தின்னுற சாதனம் எல்லாம் வெளிய எடுங்கோ! ஆளும் வெளிய வாருங்கோ!"

"பெத்துக் கெடக்க பெண்ணைக் காத்துல கொண்டு இருத்தப்படாது" என்று நான் வாசலை மறித்து நின்றேன்.

"அப்போ கொசுவோட உள்ள இருக்கச் சொல்லுங்கோ. அதுவும் பெத்துப் பெருகித்தான் கெடக்கு."

நீ உள்ளே இருந்து சிரித்துவிட்டாய். எனக்குக் கோபமும் வெப்ராளமும் வந்தது. அப்புறம் உன் காதைத் துணியால் மூடிக்கட்டி, பிள்ளையோடு பிலாமரத்தடியில் கொண்டு இருத்தினேன். கதம்பல் அழுகுகிற கால்வாய்க் கரையில் கொசுவுக்குக் குறைவா? அந்த வருசம் குளிர்காய்ச்சல் வராத வீடு நம் கரையில் இல்லை. அதனால் மருந்து என்று கேட்டதும் ஊரே சந்தோசப்பட்டது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். காய்ச்சல் குறைந்தது உண்மைதான்.

சுவர் காய்ந்து உள்ளே வந்தால், கட்டிலில் இருந்த மூட்டைப்பூச்சி எல்லாம் உதிர்ந்து கிடந்தது. ஈ இல்லை. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஓடிப்போய் அந்த மேஸ்திரியிடம் ஒரு சிரட்டை பொடி கேட்டு வாங்கினேன். அவன் தரும்போதே சொன்னான். "பாயில தட்டலாம். தின்னுற சாதனத்துக்குப் பக்கத்துல வைக்கப்படாது. எண்ணெய் தொடவே படாது, கேட்டியளா?"

"மருந்துதானே?" என்றேன்.

"மருந்துதான். கொசுவுக்கு."

அவன் சொன்ன கடைசிச் சொல் என் காதில் ஏறவில்லை. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தானே. பூண்டும் நல்லமிளகும் கருப்பட்டியும் இடித்து உனக்கு உருட்டித் தந்ததும் மருந்து, சுவரில் அடித்ததும் மருந்து. பேறுகால மருந்து உருட்டின அதே கையால்தான் இதையும் எடுத்தேன். உனக்குத் தலையில் பேன் பற்றிக் கிடந்தது. பேறு கழிந்த பெண்ணுக்கு நாள் தவறாமல் தலை முழுக முடியுமா? ராவும் பகலும் சொறிந்துகொண்டிருந்தாய். தேங்காயெண்ணெயில் அந்தப் பொடியைக் குழைத்து உன் தலையில் தேய்த்தேன். ஒருநாள் அல்ல, மூன்று நாள்.

"மைனி, கண்ணு எரியுது."

"மருந்துண்ணா எரியத்தான் செய்யும். அனங்காம இரி."

எண்ணெய் உன் கழுத்து வழியாக மாருக்கு இறங்கிற்று. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாய். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேன் எல்லாம் செத்து உதிர்ந்ததைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன்.

அதற்கடுத்த வாரம் பிள்ளைக்குச் சுகமில்லாமல் ஆயிற்று. வயிறு போயிற்று. மாரில் போட்டால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு கத்தும். கைகால் சும்மா இருக்காது. நாம் கும்பிடுகிற நிழல்தாங்கலில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து தெளித்தேன், நெற்றியில் நாமம் இட்டேன். கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பாலு கெட்டிருக்கும். எறும்பு விட்டுப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ அதை ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் எனக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. என் பாலிலும் எறும்பு விட்டுப் பார்த்தார்கள். எறும்பு உயிரோடு ஏறி வந்தது. நல்ல பால் என்று குரவை போட்டார்கள். பிள்ளைதான் நாற்பது நாள் தங்கவில்லை. அதன்பிறகு அவரும் போய், நான் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எறும்பு சொன்னதால் எனக்கு ஒரு பலனும் இல்லை என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதோடு, உனக்குப் பால் பெருகித் துணி நனைகிறபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவேன். அது என்ன நினைப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

பிலாவிலையைக் குழியாகக் கோட்டி, அதில் உன் பாலைப் பீய்ச்சச் சொன்னேன். அடுக்களைச் சுவரில் எறும்பு தேடினேன். முன்னே எல்லாம் சாரை சாரையாகப் போகும். அன்று ஒன்றிரண்டுதான் இருந்தது. அதுவும் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடித் தள்ளாடி நடந்தது. பிடிக்கச் சுளுவாக இருந்தது. அந்தச் சுளுவைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

முதல் எறும்பைப் பாலில் விட்டேன். இரண்டு தடவை காலை உதறிற்று. செத்தது. இரண்டாவதும் செத்தது. மூன்றாவதும் செத்தது.

"ஒண்ணு செத்தா எறும்புக்க விதி. மூணும் செத்தா பாலுக்க விதி" என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

நான் உன்னிடம் திரும்பி, "இது பாலில்லட்டி, விஷம்" என்றேன். இந்த வாயால் சொன்னேன். நீ கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாய், இலையைப் பார்த்தாய். பிள்ளையை உன் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன்.

பால் வற்ற பிச்சிப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேலியோரத்துப் பிச்சியை மொட்டும் பூவுமாகப் பறித்து, அரைத்து, உன் மாரில் அப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஊருக்கு அது தலையில் வைக்கிற பூ. உனக்கு அதை எங்கே வைத்தேன், பார்.

ஆட்டுப்பாலில் தண்ணீர் விட்டுச் சங்கில் புகட்டினேன். முதல்நாள் குடித்தது. இரண்டாம் நாள் கக்கிற்று. அதன்பிறகு உள்ளே போனதெல்லாம் தண்ணீராக வெளியே போயிற்று. நீ சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாய். கட்டுத் துணி நனைந்து நனைந்து காய்ந்தது. பிச்சி மணமும் பால் புளித்த மணமும் கலந்து வீட்டில் நின்றது.

"ஒரு நேரம் மட்டும் குடுக்கேன் மைனி. மாரு கருங்கல்லு மாதிரி கெடக்கு."

"பிள்ளையைக் கொல்லணுமா உனக்கு?" என்று கேட்டேன்.

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நாலாம் நாள் உச்சிப்பொழுது. பிள்ளையின் உச்சந்தலை குழிந்துவிட்டது. அழுவதற்குக்கூட அதற்குப் பலமில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிற்று. நான் சங்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வந்து என் பின்னால் நின்றாய்.

"மைனி, அன்னைக்கு எறும்ப எங்கேருந்து எடுத்திய?"

"செவத்துலேருந்துதான். பின்னே எங்கேருந்து எடுக்க?"

நீ அடுக்களைக்குள் போனாய். சுவரில் இருந்து ஓர் எறும்பைச் சுண்டி, சங்கில் மிச்சம் இருந்த ஆட்டுப்பாலில் விட்டாய். செத்தது. இன்னொன்றை எடுத்துச் செம்புத் தண்ணீரில் விட்டாய். செத்தது. ஒரு துண்டு கருப்பட்டி மேல் ஒன்றை விட்டாய். அது கருப்பட்டியைத் தின்னக்கூட இல்லை, ஏறி நின்று மல்லாந்தது.

"வெள்ளாட்டுக்கும் பிச்சிப்பூ வச்சுக் கெட்டணுமா மைனி?" என்று கேட்டாய்.

உன் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தடிப்பாலம் கடந்து அக்கரைக்குப் போங்க. அந்தப் புன்னைமரத்துல எறும்பு உண்டு. அங்கே மருந்தடிக்கல்ல. ஓடுங்க மைனி."

ஓடினேன். தடிப்பாலத்தில் எப்போதும் பிடித்துப் பிடித்து நடக்கிறவள் அன்று எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. புன்னைமரத்து எறும்பு கையைக் கடித்தது. கடிக்கக் கடிக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இலைச் சுருளில் பொதிந்து கொண்டுவந்தேன். நீ கட்டை அவிழ்த்து வைத்திருந்தாய். எத்தனை அமுக்கியும் நாலைந்து சொட்டுதான் வந்தது. நான் எறும்பை விட்டேன். விளிம்பில் நின்று குடித்தது. உள்ளே விழுந்து நீந்திற்று. இலையில் ஏறி, மீசையைத் துடைத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு நடந்து போயிற்று. ஒன்றுகூடச் சாகவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ என் தோளைத் தட்டி, "அப்புறம் அழலாம். நர்சம்மாவைக் கூட்டிட்டு வாருங்க" என்றாய்.

நர்சம்மா வாரத்துக்கு ஒருநாள் குடையும் பையுமாகக் கால்வாய்க்கரை வழியே வருகிறவள். அன்று அவள் வருகிற நாள் அல்ல. நான் அவள் வீடுவரைக்கும் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வந்ததும் பிள்ளையின் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள், உச்சியைத் தொட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாலை நிறுத்தச் சொன்னது யாரு?"

"எறும்பு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"எந்தக் காலேஜில படிச்ச எறும்பு?"

நீ அந்த நிலையிலும் முகத்தைத் திருப்பிச் சிரித்தாய். நர்சம்மா உன் அருகில் குனிந்தவள், மூக்கைச் சுளித்தாள். "தலையில என்ன மணம் இது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரட்டை, பொடி, எண்ணெய், மூன்று நாள்.

"எண்ணெயிலயா குழைச்சே? சும்மா பொடிண்ணா தோலுக்கு வெளிய நிக்கும். எண்ணெயில கரைஞ்சா உள்ள இறங்கும். தாய்க்கு உள்ள இறங்கினது பாலிலயும் கொஞ்சம் வரும். மாருல ஒழுகினதை வேறே பிள்ளை நக்கியிருக்கும்."

"அப்போ பாலு விஷந்தானா?" என்று கேட்டேன். என் எறும்பு பொய் சொன்னாலும் நான் சொன்னது மெய்தானா என்று கேட்ட மாதிரி இருந்தது, இப்போது யோசித்தால்.

"இங்க பாரு. பாலில எவ்வளவு போச்சுண்ணு எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு முதல்ல வந்த நோக்காடு அதுனாலயாண்ணும் தெரியாது. ஆனா இந்த நாலு நாளா பிள்ளையைக் கொல்லுகது என்னண்ணு நல்லாத் தெரியும். உனக்க ஆட்டுப்பாலும், இந்தச் சங்கும், அழுக்குத் தண்ணியும். அம்மைக்க பாலில ஒரு துளி கெட்டது இருந்தாலும் மிச்சம் அத்தனையும் உயிராக்கும். தலையைக் கழுவு. மாரைக் கழுவு. பிள்ளையை அதுல போடு. எடுக்காதே."

சீயக்காயும் செம்பருத்தித் தாளியும் போட்டு உன் தலையை நான் கழுவினேன். அந்த மணம் போகிற வரைக்கும் கழுவினேன். போதும் மைனி, மண்டை கரைஞ்சிரும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பும் சீனியும் இட்டு நர்சம்மா துணித்திரியால் பிள்ளையின் வாயில் நனைத்துக்கொண்டே இருந்தாள். நீ பிள்ளையை மாரில் போட்டபடி இருந்தாய். வராத பாலை அது சப்பிற்று. தூங்கிற்று. மறுபடி சப்பிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் அது தொண்டையில் ஏதோ முழுங்குகிற சத்தம் கேட்டது. நீ என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, பேசாதீங்க என்றாய். நாம் இரண்டுபேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

வலப்பக்கம் மட்டும் பால் வந்தது. இடப்பக்கம் வரவே இல்லை. எத்தனை சப்பக் கொடுத்தும், சுறாக் கருவாடு தேடித்தேடி நான் சமைத்துப் போட்டும் வரவில்லை. நான் இறுக்கிக் கட்டின கட்டு அந்தப் பக்கத்தை அப்படியே அடைத்துவிட்டது. உன் மகள் ஒரு பக்கத்துப் பாலில் வளர்ந்தாள். இன்றைக்கும் அவள் அதே பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குகிறாள்.

என் தம்பி வள்ளத்தை விட்டு இறங்கி வந்தபோது பிள்ளை தேறியிருந்தது. நடந்ததைக் கேட்டான். நான் அடுப்படியில் விறகைத் தள்ளிக்கொண்டு இருந்தேன். நீ வெளியே அவனிடம் சொல்லுவது எனக்குக் கேட்டது. "எனக்குத்தான் புத்தியில்லாமப் போச்சு. செவத்து எறும்பைப் பிடிச்சுப் பாலில விட்டுப் பாத்தேன்."

அவன் முதலில் திட்டினான். அப்புறம் சிரித்தான். அதன்பிறகு ஆறு வருசமும் உனக்கு அவன் வைத்த பேர் எறும்பு வைத்தியச்சி. விருந்தாள் வந்தால் அவர்கள் முன்னாலேயும் சொல்லுவான். "குழம்புல உப்பு சரியாண்ணு கேக்காதீங்க, எறும்பு விட்டுப் பாத்திருப்பா." எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். ஒருதடவைகூட என் பக்கம் பார்க்க மாட்டாய். பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஒருநாள் துணிந்து, "ஏட்டி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"மைனி, பருப்பு அடிப்பிடிக்குது" என்றாய்.

பருப்பு அடிப்பிடிக்கவில்லை. எனக்கும் அப்போதைக்கு அது போதுமாக இருந்தது. நீ சுமந்தாய், நான் சும்மா இருந்தேன்.

பிறகு உன் இரண்டாவது பேறு. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் கொண்டுபோனபோது உன் தலை என் மடியில் இருந்தது. "பையனுக்குப் பாலு..." என்று மட்டும் சொன்னாய். மீதியைச் சொல்லவில்லை. கொடுக்கச் சொன்னாயா, கொடுத்தாயா என்று கேட்டாயா, எனக்குத் தெரியாது. நான் கொடுக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஆட்டை நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்தப் பாலையே நர்சம்மா சொன்ன மாதிரி காய்ச்சி ஆற்றி, சங்கை வெந்நீரில் போட்டு எடுத்து, இரண்டுநாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் இனயத்தில் இருந்து மீன் கொண்டுவருகிறவள் வந்தாள். உனக்குத் தெரிந்தவள்தான், நீ எப்போதும் வம்பு பேசி மீன் வாங்குவாயே, அவள். கூடையை இறக்கினாள். உன்னைக் கேட்டாள். சொன்னேன். மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தவள், உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு ரவிக்கை நனைந்து நின்றாள். அவளுக்கும் வீட்டில் கைப்பிள்ளை உண்டு.

"குடுக்கட்டா அக்கா? நாங்க வேதக்காரங்க, கடக்கரைக்காரங்க. உங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லைண்ணா."

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அடுத்த வீட்டுக்காரியின் அதே குரல் வந்தது. "வேறே சாதிப் பாலு. ஒரு எறும்பாவது விட்டுப் பாருங்க."

மீன்காரி என்னைப் பார்த்தாள். "பாத்துக்கிடுங்க அக்கா. எங்க கரையிலயும் அப்பிடித்தான் பாப்பாங்க. எனக்கு வருத்தமில்ல."

வாசலில் நின்ற உன் புருசன் உன்னை நினைத்தானோ என்னவோ, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எறும்பு விட்டுப் பாக்கத் தெரிஞ்சவ போயிட்டாளே."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அவளுக்குத் தெரியாது மக்கா. எறும்பைப் பிடிச்சது நான். பொடியைத் தேச்சது நான். கட்டினதும் நான். அவ கண்டுபிடிச்சு பிள்ளையைக் காப்பாத்தினவ."

தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான், மறுபடி போட்டான். "அப்போ இத்தனை வருசமா நான் ஆள் மாறியா கேலி பண்ணினேன்?" என்று கேட்டான். பிறகு, "அவ ஒருநாளும் முகம் சுளிக்கல்லியே அக்கா" என்றான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். கால்வாய்க்குப் போய் வள்ளத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

நான் பிள்ளையை எடுத்து மீன்காரி மடியில் போட்டேன். "எறும்பு ஒண்ணும் வேண்டாம் மக்கா. குடு" என்றேன்.

நேற்று மருந்தடிக்க வந்த மேஸ்திரி அதே ஆள்தான், தலை நரைத்துவிட்டது. "அடுத்த தடவை நாங்க வரமாட்டோம் அக்கா. மதராசோட சேரப்போறோமில்லா, வேறே சர்க்காருக்க பம்பு வரும்" என்று சிரித்தான். சிரட்டையில் பொடி வேண்டுமா என்று அவனாகவே கேட்டான். வேண்டாம் என்றேன். தொட்டிலை அக்கரைக்கே கொண்டுபோய்ப் புன்னைமரத்தில் கட்டலாமா என்று அவனிடம் கேட்டேன். "அக்கரையிலயும் அடிச்சாச்சே" என்றான். மீன்காரியும் அதைத்தான் சொன்னாள், அவர்கள் கரையில் போன வாரமே அடித்தாயிற்றாம். இனி எங்கே போய் எறும்பு எடுப்பது? மருந்து தொடாத சுவர் எது, தொடாத மார் எது என்று யாரால் சொல்லமுடியும்? நர்சம்மாவிடம் கேட்டால் அவளும் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லுவாள். ஆனால் அதற்கடுத்து அவள் என்ன சொல்லுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பிலாமரத்தடியிலேயே பாய் விரித்து, மீன்காரியைக் கைகழுவ வைத்து, பிள்ளையைக் கொடுத்தேன்.

இன்று காலையில் உன் மகளை மடியில் இருத்திக்கொண்டு பதில் சொன்னேன். "உங்கம்மைக்க பாலைக் குடிச்சு ஒரு எறும்பும் சாவல்ல மக்கா. அத்தே பிடிச்ச எறும்பு முன்னாலேயே செத்துக்கிட்டிருந்த எறும்பு."

"அம்மை நான்தான் பிடிச்சேண்ணு சொன்னாளே?"

"அம்மை பொய் சொன்னா. அத்தே பிடிச்சேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்போ எங்கேருந்து பிடிச்சேண்ணு பாக்கலியா அத்தே?" என்று கேட்டாள்.

உன் குரல் அப்படியே. நீ கேட்ட அதே கேள்வி. அன்றுமுதல் நான் யாரைப் பற்றியாவது ஒரு முடிவு சொல்ல வாயெடுத்தால் முன்னே வந்து நிற்கிற கேள்வி. அடுத்த வீட்டுக்காரி இன்னொருத்தியைக் குற்றம் சொல்லும்போது, நானே சொல்லும்போதும், எறும்ப எங்கேருந்து எடுத்திய மைனி என்று கேட்கிறது. பாதி நேரம் நான் வாயை மூடிக்கொள்ளுகிறேன். மீதி நேரம் அக்கரைக்குப் போகிறேன்.

"பாக்கல்ல மக்கா" என்றேன். அவள் எறும்பைக் குழிதோண்டிப் புதைத்தாள். கையை இரண்டு தடவை கழுவ வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மீன்காரி வந்துவிட்டாள். கூடையை வேலியோரம் வைத்துவிட்டு பிலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கிருந்து பார்க்கிறேன். முதலில் வலப்பக்கம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பிப் போடுகிறாள்.

உன் மகன் இரண்டு பக்கமும் குடிக்கிறான்.